ஓசையில்லா விமானமும் பலாலி ஓடுபாதையும்

(யாழ்ப்பாணத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓசை குறைந்த மீயொலி வேகப் பயணிகள் விமானத்தைப் படைகளை ஏற்றிச் செல்லும் விமானமாக மாற்றலாமா என்பதுதான் இன்று எனக்குத் தந்த தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "கொழும்பு றெயினே நேரத்துக்கு வாறேல்லை, உங்களுக்கு மீயொலி விமானம் கேக்குதோ?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பயணிகள் விமானம் படை விமானமாகவும், படை விமானம் பயணிகள் விமானமாகவும் மாறி மாறி வந்திறங்கிய ஓடுபாதை ஒன்று யாழ் நகரத்துக்குப் பதினாறு கிலோமீற்றர் வடக்கே கிடக்கிறது. அந்த மாற்றத்தால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அமெரிக்கப் பொறியியலாளர்களைவிட நம் ஊர்ச் சனம் நன்றாக அறியும். ஆகவே இந்தத் தலைப்பை யாழ்ப்பாணத்தில் பேசலாம், பேசவும் வேண்டும்.

முதலில் விமானத்தைப் பார்த்துவிடுவோம்.

ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில் மட்டும் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு அமைதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பிழை. பாசையூர்க் கரையில் நின்று வேகமாகப் போகும் இயந்திரப் படகைப் பாருங்கள். அணியத்திலிருந்து இருபுறமும் ஓர் அலை விரியும். படகு போன வழி நெடுக அந்த அலை கரையைத் தட்டிக்கொண்டே வரும். விமானமும் அப்படித்தான். ஒலியை விஞ்சிப் பறக்கும் நேரம் முழுவதும் தன் பின்னே ஓர் அதிர்வைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறது. அதன் பாதையில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முழக்கம் உண்டு.

அந்த அதிர்வு எவ்வளவு அகலம்? விமானம் ஆயிரம் அடி உயர்ந்தால் தரையில் ஏறக்குறைய ஒரு மைல் அகலத்துக்குக் கேட்கும் என்பது பொறியியலாளர்களின் தோராயக் கணக்கு. 50,000 அடியில் பறந்தால் ஐம்பது மைல், அதாவது எண்பது கிலோமீற்றர். ஊர்காவற்றுறையிலிருந்து பருத்தித்துறை வரை எல்லோரும் ஒரே முழக்கத்துக்குள் அடக்கம். குடாநாட்டில் ஒதுங்க ஓரிடமும் இராது.

இதனால்தான் மீயொலி வேகப் பயணிகள் விமானமான கொன்கோர்ட் தோற்றது. எரிபொருள் விலையும் ஒரு காரணம்தான். ஆனால் தரைக்கு மேலே ஒலியை விஞ்சிப் பறக்க எந்த நாடும் இலேசில் விடவில்லை என்பதே அதன் பாதைகளைச் சுருக்கியது. 1964 இல் அமெரிக்கர்கள் ஒக்லஹோமா நகரத்தின் மேலே ஆறு மாதம் போர் விமானங்களைப் பறக்கவிட்டு 1,253 முழக்கங்களை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். சனத்தின் பொறுமையை அளக்கும் சோதனை அது. இந்தச் சத்தத்தோடு காலம் தள்ள முடியாது என்று நான்கில் ஒருவருக்குமேல் சொல்லிவிட்டார்கள். 1973 இல் அமெரிக்கத் தரைக்கு மேலே பொதுமக்கள் விமானங்கள் ஒலியை விஞ்சிப் பறக்கத் தடை வந்தது. நமது பக்கத்துக் கதையும் உண்டு. 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரெய்ன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கொன்கோர்ட் ஓடத் தொடங்கியது. விமானத்தின் ஒரு பக்கத்தில் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் நிறம், மறுபக்கத்தில் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் நிறம். புதுமாப்பிள்ளை மாதிரித்தான் வந்தது. மூன்றுமுறை வந்து போனதும் சத்தத்தைக் காரணம் காட்டி மலேசியா மறித்துவிட்டது. 1979 இல் மறுபடி தொடங்கி 1980 நவம்பரில் ஒரேயடியாக நின்றுபோனது.

இப்போது நாசா என்ன செய்கிறது? எக்ஸ்-59 என்ற சோதனை விமானத்தை லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் கொடுத்துக் கட்டுவித்திருக்கிறது. நீளம் ஏறக்குறைய முப்பது மீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு மூக்கு மட்டுமே. இறக்கையின் முழு விரிவோ ஒன்பது மீற்றர்தான். இந்தக் கோலத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு விமானத்தின் மூக்கு, விமானி அறை, இறக்கை, இயந்திர வாய், வால் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்வலையைக் கிளப்பும். அவை கீழே வரும் வழியில் ஒன்றோடொன்று சேர்ந்து, தரையைத் தொடும்போது இரண்டு பெரிய அடிகளாகத் திரண்டுவிடும். அவற்றைச் சேரவிடாமல் தள்ளித் தள்ளி வைத்தால், தரையில் இருப்பவருக்கு அடுத்த வீட்டுக் கார்க் கதவைச் சாத்திய அளவு சத்தம்தான் கேட்கும். 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சீபாஸ், ஜோர்ஜ் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2003 இல் ஓர் எஃப்-5 போர் விமானத்தின் மூக்கை உப்ப வைத்துப் பறக்கவிட்டு, கணக்குச் சரி என்று நிறுவினார்கள். அதன் முழு வடிவம்தான் எக்ஸ்-59. கொன்கோர்ட் 105 டெசிபல் என்றால் இதன் இலக்கு 75. இயந்திரத்தை விமானத்தின் முதுகில் வைத்திருக்கிறார்கள், அதன் அதிர்வு மேல்நோக்கிப் போகட்டும் என்று. முன்பக்கக் கண்ணாடியே கிடையாது; விமானி கமெரா வழியாகத் திரையில்தான் வழியைப் பார்க்கிறார். 2025 ஒக்டோபர் 28 ஆம் திகதி அது முதன்முதலாகப் பறந்தது. அன்று ஒலியின் வேகத்தை எட்டவில்லை. அது வெறும் அறிமுகப் பறப்பு.

55,000 அடி உயரத்தில் ஒலியைப்போல் 1.4 மடங்கு வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 1,490 கிலோமீற்றர். இதுதான் அதன் திட்டம். இந்த வேகத்தில் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்குப் பதினேழு நிமிடம். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறவும் அங்கிருந்து இறங்கவும் பல நூறு கிலோமீற்றர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏறினால், உரிய உயரத்தைத் தொடும்போது நாட்டைத் தாண்டிக் கடலுக்கு மேலே நிற்பீர்கள். என் நண்பருக்கான பதில் இதுதான்: கொழும்புக்கு றெயினே மேல்.

இனிப் படைக்காரர் பக்கம். இது கற்பனைத் தலைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸோசொனிக் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் ஓசை குறைந்த மீயொலிப் பயணிகள் விமானம் ஒன்றைத் திட்டமிட்டது. எழுபது பயணிகள், ஒலியைப்போல் 1.8 மடங்கு வேகம். 2020 இல் அமெரிக்க வான்படை அதனிடம் ஒப்பந்தம் செய்தது. கேட்டது துருப்புக்காவி அல்ல, உயர் அதிகாரிகளும் தலைவர்களும் போகும் விமானம். அந்த நிறுவனம் 2024 நவம்பரில் கடையைச் சாத்திவிட்டது. மீயொலிப் பயணிகள் விமானம் கட்ட முயலும் பூம் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு 2022 இல் ஆறு கோடி டொலர் வரை தர வான்படை உடன்பட்டது. அதே ஆண்டு நோர்த்ரொப் கிரம்மன் என்ற ஆயுத நிறுவனமும் அதனோடு சேர்ந்து, படைத்தேவைக்கான வடிவத்தை ஆராயப்போவதாக அறிவித்தது. பூம் நிறுவனத்தின் சிறிய சோதனை விமானம் 2025 ஜனவரி 28 ஆம் திகதி ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூனில், 1973 ஆம் ஆண்டுத் தடையை நீக்கும்படி அமெரிக்க ஜனாதிபதி உத்தரவு போட்டார். ஆக, கதை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பயணிகள் விமானத்துக்குச் சீருடை போடுவது புதிதல்ல. பலாலிக்கே வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை கட்டிய தளம் பலாலி. போர் முடிந்த பின், 1947 டிசம்பர் 10 ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது வழங்கிய இந்த ஓடுபாதையில் இறங்கி, பின்னர் சென்னைக்குப் போனது. இலங்கையின் சொந்த விமான சேவையின் முதல் நாளிலேயே யாழ்ப்பாணம் அதில் இருந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விமானம் 'சீதா தேவி' என்று பெயரிட்ட டகோட்டா. டகோட்டாவின் பிறப்போ 1935 இல், படுக்கை வசதியுள்ள பயணிகள் விமானமாக. போர் வந்ததும் அதன் பக்கத்தில் அகலக் கதவு வைத்து, தரையைப் பலப்படுத்தி, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படை விமானங்களைச் செய்தார்கள். போர் முடிந்ததும் அவை மலிவாகக் கிடைக்க, உலகமெங்கும் மறுபடி பயணிகளுக்கு ஆசனம் பூட்டினார்கள். பயணி, படை, மறுபடி பயணி என்ற அந்தச் சுற்றின் கடைசிக் கட்டத்தில்தான் நம் பாட்டன்மார் சென்னைக்குப் பறந்தார்கள்.

அடுத்தது அவ்ரோ 748. இதை மெல்லச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய தலைப்புக்கான பொறியியல் பாடம் முழுவதும் இந்த ஒரு விமானத்துக்குள் இருக்கிறது. 1960 இல் இங்கிலாந்தில் முதலாவதாகப் பறந்தது. டகோட்டாவுக்குப் பதிலாகச் சிறு ஓடுபாதைகளில் இறங்கும் பயணிகள் விமானமாகவே அதை வரைந்தார்கள். எயார் சிலோனிடம் அது இருந்தது. 1978 செப்ரெம்பர் 7 ஆம் திகதி இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட விமானமும் அந்த இனம்தான். இந்தியாவில் கான்பூரில் 1961 முதல் அதைக் கட்டினார்கள். இலங்கை வான்படையும் வாங்கியது.

பிரித்தானிய வான்படை இந்த விமானத்தைச் சரக்கும் துருப்பும் ஏற்ற வேண்டும் என்று கேட்டபோது என்ன நடந்தது தெரியுமா? ஆசனத்தைக் கழற்றினால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. வாகனம் ஏறுவதற்குப் பின்புறம் திறக்க வேண்டும். அதற்காக வாலைத் தூக்கிப் புதிதாக வரைந்தார்கள். சாய்தளம் நிலத்தில் படிய வேண்டும் என்று, யானை முழங்காலை மடிப்பதுபோல் விமானமே தாழும் சக்கரக் கால்களைப் பூட்டினார்கள். உடல் நீண்டது, இயந்திரம் மாறியது, பெயரே அண்டோவர் என்று மாறிப்போனது. மணிக்கு 450 கிலோமீற்றருக்குமேல் போகாத, எந்த நுணுக்கமும் இல்லாத ஒரு சாதாரண விமானத்தைச் சரக்குக்காவியாக்கவே இவ்வளவு பாடு.

இப்போது அந்த எக்ஸ்-59 கோலத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதன் அமைதி எங்கே இருக்கிறது? இயந்திரத்திலும் இல்லை, ஏதாவது ஒரு பெட்டிக்குள் பூட்டிய கருவியிலும் இல்லை. மூக்கிலிருந்து வால் வரை உடலின் பருமன் எப்படிக் கூடிக் குறைகிறது என்ற கோட்டில் இருக்கிறது. பக்கத்தில் லொறி நுழையும் கதவு வைத்தால் அந்தக் கோடு கெடும். பின்புறம் திறந்தால் வால் பகுதியின் அதிர்வலைகள் முழுவதும் இடம் மாறும். பாரத்தைக் கூட்டினாலோ அதிர்வு தானாகவே கூடும். பாரமான விமானத்தைக் காற்றில் தாங்க அதிக அமுக்கம் வேண்டும், அந்த அமுக்கம்தான் முழக்கமாகத் தரைக்கு வருகிறது. சரக்கு விமானத்துக்கு வேண்டியது பருத்த வயிறு, தாழ்ந்த தளம், கரடுமுரடான நிலத்தைத் தாங்கும் கால்கள். ஓசை குறைந்த மீயொலி விமானத்துக்கு வேண்டியது ஊசி உடம்பு. இரண்டையும் ஒரே விமானத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

கணக்கும் அதையே சொல்கிறது. கொன்கோர்ட் நூறு பயணிகளைச் சுமக்க ஏறக்குறைய 95 தொன் எரிபொருள் நிரப்பியது. சுமக்கக்கூடிய பாரம் பன்னிரண்டு, பதின்மூன்று தொன். அமெரிக்காவின் சீ-17 சரக்கு விமானம் எழுபது தொன்னுக்குமேல் தூக்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் தாங்கியையே தூக்கிக்கொண்டு போகும்.

1987 ஜூன் 4 ஆம் திகதியை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள். முதல்நாள் இந்தியாவிலிருந்து படகுகளில் வந்த உதவிப் பொருட்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்ப, மறுநாள் மாலை பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள் வந்து குடாநாட்டின் மேலே உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டுப் போயின. 'பூமாலை நடவடிக்கை' என்று இந்தியா அதற்குப் பெயர் வைத்தது. கூடவே மிராஜ்-2000 போர் விமானங்கள் காவலாக வந்தன. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் போகக்கூடிய மிராஜ், மணிக்கு 500 கிலோமீற்றரைக்கூட எட்டாமல் பறக்கும் அன்ரனோவின் பக்கத்தில் வேகத்தை அடக்கிக்கொண்டு வந்தது. அரசியலை விடுங்கள். அரிசி மூட்டையைச் சுமந்து வந்தது மெதுவான விமானம்தான். போக்குவரத்து என்பதன் இலக்கணம் அன்று நம் வானத்திலேயே எழுதிக் காட்டப்பட்டது. வேகம் அதற்குக் காவல் வரலாம். வேகத்தால் அரிசி சுமக்க முடியாது.

வேகம் உயிரைக் காக்கும், எதிரியின் ஏவுகணை எட்டாது என்று சிலர் வாதிடுவார்கள். 55,000 அடியில், தோளில் வைத்து ஏவும் சிறிய ஏவுகணையைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் எந்த விமானமும் ஏறவும் இறங்கவும் வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் கொன்கோர்ட்டும் அவ்ரோவும் ஒன்றுதான். 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாள்களில், பலாலியை அண்டிய வானில், வான்படையின் இரண்டு அவ்ரோ விமானங்களை விடுதலைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். இறந்தவர்கள் தொண்ணூறுக்குமேல். தோளில் வைத்து ஏவும் சிறிய ஏவுகணைக்கு வெப்பம்தான் குறி. இறங்கும் நேரத்தில் மீயொலி இயந்திரம் சின்ன அவ்ரோவைவிடப் பல மடங்கு வெப்பம் கக்கும். அதிக வேகத்துக்காகக் கட்டிய விமானம் இறங்கும்போது அதிக ஆபத்தையும் கூடவே கொண்டுவருகிறது.

அதோடு ஓடுபாதை. பூம் நிறுவனம் திட்டமிடும் பயணிகள் விமானத்துக்கு மூன்று கிலோமீற்றர் ஓடுபாதை வேண்டும். பலாலியில் ஓடுபாதை நீளும் என்றால் அது யாருடைய நிலத்தில் நீளும் என்று இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. தளத்தை அண்டிய மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, கட்டுவன் சனம் போரால் 1990 இல் எழும்பிப்போனது. 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. எடுத்த நிலத்தில் ஒரு பகுதி திரும்பியிருக்கிறது. திரும்பாத வேலிக்கு வெளியே இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். செம்மண் தோட்டத்தின் நடுவே வேகத்துக்காகக் கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

பொறியியல் இத்துடன் போதும். இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

1944 ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கைதான் உலகின் வான்போக்குவரத்துக்கு அரசியல் சட்டம் மாதிரி. அது பொதுமக்கள் விமானங்களுக்கு மட்டும் பொருந்தும். படை, சுங்கம், பொலிஸ் வேலைகளில் ஈடுபடும் விமானம் 'அரச விமானம்'. அதற்கு இந்த உடன்படிக்கையின் பாதுகாப்பு இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். விமானத்தின் மாதிரி, நிறம், ஆசனம் எதுவும் கணக்கில்லை. அந்த நேரத்தில் அது செய்கிற வேலைதான் கணக்கு. காலையில் பயணிகள் விமானமாக இருப்பது பின்னேரம் படை விமானமாகலாம். சட்டப் புத்தகத்தில் அந்தக் கோடு தெளிவாக இருக்கும். பற்றைக்குள் ஏவுகணையோடு இருப்பவன் அண்ணாந்து பார்க்கும்போது அது தெரியாது. சில வேளை தெரிந்தும் அவன் பொருட்படுத்துவதில்லை.

1983 இல் கொரிய விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பறக்கும் பொதுமக்கள் விமானத்தின்மீது ஆயுதம் பாவிக்கக் கூடாது என்ற புதிய உறுப்புரையை 1984 இல் எழுதினார்கள். போதிய நாடுகள் ஒப்புதல் தந்து அது நடைமுறைக்கு வந்த நாள் 1998 ஒக்டோபர் 1.

அதற்கு இரண்டு நாள் முன்னர், 1998 செப்ரெம்பர் 29 ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்தது. 55 பேர். பயணிகளில் பெரும்பாலோர் நம் சனம்: வைத்தியத்துக்கு, விசாவுக்கு, கலியாணத்துக்கு என்று கொழும்புக்குப் போனவர்கள். புலிகளின் ஏவுகணையே வீழ்த்தியது என்பது பிந்திய விசாரணைகளின் முடிவு. கடலடியில் உடைந்த பாகங்களைக் கண்டெடுத்தது 2012 இல். பதினான்கு வருடம் சில வீடுகளில் பொட்டழிப்பதா வேண்டாமா என்றே தெரியாமல் இருந்தார்கள். அன்றோடு பயணிகள் விமானங்கள் நின்றுபோக, குடாநாட்டுச் சனம் திருகோணமலைக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது.

புதிய உறுப்புரை இரண்டு நாள் முந்தி வந்திருந்தாலும் இந்த 55 பேரைக் காத்திராது. அது அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆயுதக் குழுவை அல்ல. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பலாலி என்பது படைத்தளம். பயணி படை முகாமுக்குள் போய், படையினரிடம் பெட்டியைத் திறந்து காட்டி, படை விமானங்கள் ஏறி இறங்கும் அதே ஓடுபாதையில்தான் ஏற வேண்டும். வான்படையே 'ஹெலி ரூர்ஸ்' என்ற பெயரில் 1983 முதல் வணிகப் பயணச் சேவையும் நடத்தியது. வான்படை விமானத்துக்குள் பயணச்சீட்டு வாங்கிய குடிமகன். சுட்டவர்களின் குற்றத்தை இது ஒரு துளியும் குறைக்காது. பயணியையும் படையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தவர்களின் பொறுப்பையும் நாம் விட்டுவிடக் கூடாது.

மறுபக்கத்தையும் இந்த ஊர் பார்த்தது. வான்படையினர், போக்குவரத்துக்கென்று சீனாவில் வாங்கிய வை-8, வை-12 விமானங்களில் குண்டேற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். மெல்ல ஊர்ந்து வரும் அந்த விமானத்துக்குச் சனம் 'சகடை' என்று பேர் வைத்தது. பொம்மர், ஹெலி, சகடை என்று சத்தத்தை வைத்தே பிள்ளைகள் பிரித்தறிந்து பங்கருக்குள் ஓடின. 1996 இல் வந்த கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்தவர்களின் காதில் இன்னும் இருக்கும். குண்டோடு தாழப் பறக்கையில் கிபிர் ஒலியை விஞ்சுவதில்லை. ஆனாலும் ஒலியின் வேகத்தை நெருங்கி வருவதால் சத்தம் கேட்ட மறுகணமே விமானம் தலைக்கு மேலே நிற்கும். சகடை தந்த சில நிமிடத்தைக் கிபிர் தரவில்லை. ஒலியை விஞ்சிய விமானம் அந்தக் கணத்தையும் தராது. பலாலியில் இருப்பவருக்கு அதன் முழக்கம் கேட்கும்போது விமானம் யாழ் நகரத்துக்கு மேலே போயிருக்கும்.

எக்ஸ்-59 விமானத்தின் அமைதியை நான் இந்தக் காதால்தான் கேட்கிறேன். நாசா அதை ஊர்களுக்கு மேலே பறக்கவிட்டு, கீழே இருப்பவர்களிடம் எப்படிக் கேட்டது என்று விசாரிக்கப்போகிறது. அந்த விடைகளைக் கொண்டுதான் புதிய ஒலி விதிகள் வரும். நல்ல முறை. ஆனால் அந்த விதிகள் எவையும் அரச விமானத்துக்கு இல்லை. அமெரிக்காவின் 1973 ஆம் ஆண்டுத் தடையும் பொதுமக்கள் விமானத்துக்கே. படை விமானங்கள் தமக்கென ஒதுக்கிய வான்வெளியில் அன்றும் முழங்கின, இன்றும் முழங்குகின்றன. அமைதி என்பது கீழே வாழும் மனிதனுக்குக் கொடுத்த வாக்கு. அதே விமானம் சீருடை போட்டதும் அந்த வாக்குச் செல்லாது. பாரம் கூட்ட வேண்டும், கதவு அகல வேண்டும் என்று வந்தால் முதலில் கைவிடப்படுவது ஊசி உடம்பு. அதோடு அமைதியும் போகும். ஒருவேளை போகாவிட்டால் அது இன்னும் மோசம். படைக்காரனின் கையில் உள்ள அமைதி கீழே இருப்பவனின் நித்திரைக்காக அல்ல.

ஆகவே தலைப்புக்கு என் விடை: ஓசை குறைந்த மீயொலி விமானம் துருப்பும் சரக்கும் ஏற்றும் விமானம் ஆகாது. மிஞ்சிப்போனால் பத்து அதிகாரிகளையும் ஒரு ஜனாதிபதியையும் கூட்டங்களுக்குக் கொண்டுபோகும் ஊர்தியாகும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் பணத்தை இழப்பார்கள், எக்ஸோசொனிக் இழந்ததுபோல. அப்படி மாற்றுவது சாத்தியமான இடங்களில்கூட, பயணிகள் ஓடும் அதே மாதிரி விமானத்தைப் படைக்கும் விற்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தியாவின் அரக்கோணத்துக் கடற்படைத் தளத்தில் நிற்கும் பீ-8 விமானம் நாம் ஏறிப்போகும் போயிங்-737 இன் உடம்புதான். கடலைக் கண்காணிக்க அது நல்ல விமானம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. அந்த ஒற்றுமைக்கான விலையைக் கட்டப்போவது பயணி.

நம் பலாலிக்கு 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வந்தது. அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர்-72 சென்னையிலிருந்து வந்தது. 2024 செப்ரெம்பர் முதல் இன்டிகோவும் வருகிறது, 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும். எல்லாம் விசிறி சுழலும் மெதுவான விமானங்கள். நமக்கு அவை போதும். நமக்கு இப்போது வேண்டியது வேறு. பயணிகள் வாசலும் படை வாசலும் முழுவதாகப் பிரிய வேண்டும். பயணிகள் விமானத்தில் சீருடையோ ஆயுதமோ ஏறக் கூடாது, பயணிகளின் சேவையை வான்படை நடத்தக் கூடாது. நிலைய விரிவாக்கத் திட்டம் வரும்போது நிலத்துக்குரியவர்கள் மேசையில் இருக்க வேண்டும். மாகாண மட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் கொடுங்கள். பொறியியல் கணக்குகளைப் போட்டுத்தர நானும், இங்கே இருக்கும் ஆசிரியர்களும் ஆயத்தம். மாணவர்கள் கேள்வி கேட்கலாம்.